5 வோல்ட் சிக்னல், 12 வோல்ட் சுமை: மோஸ்ஃபெட் சூடாகாமல் கட்டுவது எப்படி

பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் தைப்பூசத்துக்குப் போடும் தண்ணீர்ப் பந்தல்களில் எல்இடி பட்டைகளும் மோட்டாரில் சுழலும் அலங்காரங்களும் இப்போது சாதாரணம். நிரல் ஏற்றி ஓட்டும் சிறு போர்டான ஆர்டுயினோ நானோவோ இஎஸ்பி32-ஓ கட்டளை தரும்; 12 வோல்ட் பேட்டரி சக்தி தரும்; இரண்டுக்கும் நடுவில் ஒரு மோஸ்ஃபெட் சுவிட்சாக நிற்கும். அதன் கேட் என்ற காலுக்கு வரும் வோல்டேஜ், டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்களுக்கு இடையே மின்னோட்டத்தைத் திறந்துவிடும். வீட்டு மேசையில் ஒரு மீட்டர் பட்டையை வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக எரியும். பந்தலில் ஐந்து மீட்டரைச் சேர்த்ததும் மோஸ்ஃபெட் கை வைக்க முடியாதபடி சுடும், வெளிச்சம் மங்கும், கொஞ்ச நேரத்தில் விளக்கு அணையவே மறுக்கும். உடனே கடைக்குப் போய் இன்னும் அதிக ஆம்ப் எழுதிய பாகத்தை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அப்படியே போகும். 5 வோல்ட்டில் முழுமையாகத் திறக்காத பாகத்தை 5 வோல்ட்டில் ஓட்டுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இங்கே எடுத்துக்காட்டாக ஒரே சுற்றை வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 வகைப் பட்டை, மொத்தம் 5 மீட்டர். இந்த வகை மீட்டருக்கு 14.4 வாட் என்று விற்கப்படுகிறது. ஐந்து மீட்டருக்கு 72 வாட். 12-ஆல் வகுத்தால் 6 ஆம்ப். பிறகு அதே சுற்றில் மோட்டாரை வைப்போம்.

டேட்டாஷீட்டில் எந்த வரியைப் படிப்பது

கடையில் மோஸ்ஃபெட் கேட்டால் முதலில் கையில் கிடைப்பது ஐஆர்எஃப்இசட்44என் அல்லது ஐஆர்எஃப்540என். ஐஆர்எஃப்இசட்44என் டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) முதல் பக்கம் 55 வோல்ட், 49 ஆம்ப் என்கிறது. கீழே தேடினால் கேட் திரெஷோல்டு வோல்டேஜ் 2 முதல் 4 வோல்ட் என்று இருக்கும். நம்மிடம் 5 வோல்ட் இருக்கிறது, 4-ஐத் தாண்டிவிட்டோம், போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

திரெஷோல்டு என்பது டிரெயினில் 250 மைக்ரோஆம்ப் ஓடத் தொடங்கும் கேட் வோல்டேஜ். நமக்கு வேண்டிய 6 ஆம்ப் அதைப்போல 24,000 மடங்கு. கதவின் தாழ்ப்பாள் விலகியிருக்கிறது என்று மட்டும் அந்த எண் சொல்கிறது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லவில்லை.

பார்க்க வேண்டிய வரி ஆர்டிஎஸ்-ஆன், அதாவது முழுமையாகத் திறந்த நிலையில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மிஞ்சும் மின்தடை. அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், அது எந்தக் கேட் வோல்டேஜில் அளக்கப்பட்டது என்று பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஐஆர்எஃப்இசட்44என்-க்கு 17.5 மில்லிஓம், 10 வோல்ட்டில். 5 வோல்ட்டுக்கு வரியே கிடையாது. அந்த நிலையில் அது எவ்வளவு கடத்தும் என்பதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கவில்லை. ஒரே பொதியில் வாங்கிய பத்துப் பாகங்களில் சில ஒழுங்காக ஓடும், சில சுடும். திரெஷோல்டு 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாகம் மாட்டினால் டிரெயினில் 2 வோல்ட் மிச்சம் நிற்கலாம். 2 வோல்ட்டும் 6 ஆம்ப்பும் சேர்ந்தால் 12 வாட். ஹீட்சிங்க் (சூட்டை வெளியே கடத்தும் உலோகத் துண்டு) இல்லாத டிஓ-220 பாகம், அதாவது உலோக முதுகுள்ள இந்த மூன்றுகால் உறை, அதைத் தாங்காது.

அதே குடும்பத்தில் ஐஆர்எல்இசட்44என் இருக்கிறது. பெயரில் எஃப் இருந்த இடத்தில் எல். லாஜிக் லெவல் வகை, அதாவது போர்டு தரும் சிறு வோல்டேஜிலேயே திறக்கும்படி செய்தது. 5 வோல்ட் கேட்டில் 25 மில்லிஓம், 4 வோல்ட்டில் 35 மில்லிஓம் என்று இரண்டு வரிகள் தெளிவாக உள்ளன. 5 வோல்ட் ஆர்டுயினோவுக்கு இது பொருத்தம். சூடு இன்னும் குறைய வேண்டுமானால் ஐஆர்எல்பி8743: 4.5 வோல்ட்டிலேயே 4.2 மில்லிஓம். அதன் டிரெயின் தாங்கு வோல்டேஜ் 30 மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த விஷயத்துக்குப் பின்னால் வருவோம்.

முதல் பக்கத்து 49 ஆம்ப் போன்ற எண்களை வைத்துப் பாகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உலோக முதுகை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடு கணக்கிட்டவை அவை. நம் ஊர் வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது.

பழைய சுற்றுகளில் டிப்120 என்ற டார்லிங்டன் டிரான்சிஸ்டரைப் பார்ப்பீர்கள். 3 ஆம்ப்பில் அது 2 வோல்ட் வரை தின்னலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அதாவது 6 வாட் சூடு, பட்டைக்கு மிஞ்சுவது 10 வோல்ட். இன்றைக்குப் புதிதாகக் கட்டும் 12 வோல்ட் சுற்றில் அதற்கு இடமே இல்லை என்பது எங்கள் கருத்து. சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டருக்கு இடம் உண்டு, ஆனால் சிறு சுமைக்கு மட்டும். 400 ஓம் சுருளுள்ள 12 வோல்ட் ரிலே 30 மில்லிஆம்ப் எடுக்கும். 2என்2222 போன்ற டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (கட்டளை வாங்கும் கால்) அதில் பத்தில் ஒரு பங்கு, 3 மில்லிஆம்ப் கொடுங்கள். அதற்கு நடுவில் போட வேண்டிய மின்தடை: 5 வோல்ட்டிலிருந்து 1.2 கிலோ ஓம், 3.3 வோல்ட்டிலிருந்து 820 ஓம். டேட்டாஷீட்டில் கெயின் (பேஸ் மின்னோட்டத்தைப் பெருக்கும் மடங்கு) 100 என்று போட்டிருந்தாலும் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது 10 என்றே கணக்கிடுங்கள். அப்போதுதான் அது முழுமையாகத் திறக்கும்.

சூட்டுக் கணக்கு

கணக்கு எளிது: ஆம்ப்பை ஆம்ப்பால் பெருக்கி, அதை மின்தடையால் பெருக்குங்கள். 6 × 6 × 0.025 = 0.9 வாட். இது பாகம் 25 டிகிரியில் இருக்கும்போது. சூடேறினால் மோஸ்ஃபெட்டின் மின்தடை கூடும். 100 டிகிரியைத் தாண்டும்போது ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆகவே உண்மையில் 1.4 வாட் என்று வையுங்கள்.

ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 பாகம் ஒரு வாட்டுக்கு 62 டிகிரி ஏறும். 1.4 × 62 = 87 டிகிரி. கோலாலம்பூரின் மதிய வெப்பம் 33 டிகிரி; மூடிய பெட்டிக்குள் 45 என்று வைத்தால், சிலிக்கான் 132 டிகிரிக்குப் போகிறது. இந்தப் பாகத்தின் உச்சவரம்பு 175, அதனால் உடனே சாகாது. ஆனால் பெட்டி இளகும், பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் குறையும், தொட்டவர் கை சுடும். ஒரு வாட்டுக்கு 15 டிகிரி என்று விற்கும் சிறிய அலுமினிய ஹீட்சிங்க்கை வெப்பப் பசையோடு திருகினால், ஏற்றம் 25 டிகிரிக்குள் அடங்கிவிடும். அதே இடத்தில் ஐஆர்எல்பி8743 வைத்தால் சூடு கால் வாட்டுக்குள்தான், ஹீட்சிங்க்கே வேண்டாம்.

ஹீட்சிங்க் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஓ-220-இன் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது. இரண்டு மோஸ்ஃபெட்டுகளை ஒரே ஹீட்சிங்க்கில் நேரடியாகத் திருகினால் இரண்டு டிரெயின்களும் ஒன்றாகிவிடும். ஒரு விளக்கை ஏற்றினால் இரண்டும் எரியும். மைக்கா அல்லது சிலிக்கான் தகடும், திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் போடுங்கள்.

கட்டும் முறை

மோஸ்ஃபெட்டின் எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். பட்டையின் பாசிட்டிவ் நேராக 12 வோல்ட்டுக்கு. பட்டையின் நெகட்டிவ் டிரெயினுக்கு. சோர்ஸ் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு. ஆர்டுயினோவின் டி9 முனையிலிருந்து 220 ஓம் வழியாக கேட். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோ ஓம்.

அந்த 10 கிலோ ஓமைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சுற்று அதில்லாமலும் ஓடுகிறதே என்று. ஆர்டுயினோ தொடங்கும் நேரத்திலும் புதிய நிரல் ஏறும் நேரத்திலும் அதன் முனைகள் எதையும் பிடிக்காமல் மிதக்கும். கேட் ஒரு சிறு கெப்பாசிட்டர் போன்ற பகுதி; மிதக்கும் கேட்டில் மிஞ்சிய சார்ஜ் மோஸ்ஃபெட்டைப் பாதி திறந்த நிலையில் நிறுத்திவிடும். விளக்குக்கு அது மினுக்கு மட்டும். மோட்டாருக்கு, யாரும் எதிர்பாராத நேரத்தில் சுழல்வது.

220 ஓம் எதற்கு? கேட்டை நிரப்பும் கணத்தில் ஆர்டுயினோ முனையிலிருந்து வரும் மின்னோட்டத்தை அது 23 மில்லிஆம்ப்பில் நிறுத்துகிறது. அந்த முனையின் உச்சவரம்பு 40. கேட் ஒயரில் உண்டாகும் அலைவையும் அடக்குகிறது. அதைக் கேட் காலுக்கு ஒட்டியே சால்டர் செய்யுங்கள், ஆர்டுயினோ பக்கம் வைக்காதீர்கள்.

கிரவுண்டு விஷயத்தில் இரண்டு எதிரெதிரான பிழைகள் உண்டு. ஒன்று, ஆர்டுயினோ யுஎஸ்பி சார்ஜரிலும் பட்டை பேட்டரியிலும் ஓடும்போது இரண்டின் நெகட்டிவ்களையும் இணைக்க மறப்பது. கேட்டின் 5 வோல்ட் சோர்ஸைப் பொறுத்து அளக்கப்படுவது. இணைப்பு இல்லையென்றால் மோஸ்ஃபெட்டுக்கு அந்த 5 வோல்ட் தெரியாது. மற்றது, 6 ஆம்ப்பையும் ஆர்டுயினோவின் கிரவுண்டு முனை வழியாகத் திருப்பி அனுப்புவது. போர்டின் மெல்லிய செம்புப் பாதை கருகும், அதற்கு முன்பே ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆகத் தொடங்கும். சோர்ஸ் காலிலிருந்து தடித்த ஒயர் நேரே பேட்டரிக்குப் போகட்டும். அதே சோர்ஸ் காலிலிருந்து மெல்லிய தனி ஒயர் ஆர்டுயினோ கிரவுண்டுக்குப் போகட்டும்.

பிரெட்போர்டில் சிக்னல் பக்கத்தை மட்டும் கட்டுங்கள். அதன் உள்ளே இருக்கும் பிடிப்புகள் ஒரு ஆம்ப் அளவுக்குத்தான். ஒயர் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம்: 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு மீட்டருக்கு 0.023 ஓம். மூன்று மீட்டர் தூரம் என்றால் போக வர ஆறு மீட்டர். 6 ஆம்ப்பில் 0.8 வோல்ட் அதிலேயே போய்விடும், பட்டையின் கடைசி விளக்குகள் மஞ்சளிக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதியாகும். பட்டையின் செம்பே மெல்லியது என்பதால் இரண்டு முனையிலிருந்தும் 12 வோல்ட் கொடுத்தால் வெளிச்சம் சீராகும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 7.5 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் ஒன்று, கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைப்பது. இது மோஸ்ஃபெட்டைக் காப்பாற்றாது. சிலிக்கான் ஃபியூஸைவிட வேகமாகச் சாகும். ஒயரும் பந்தல் துணியும் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக அது. 12 வோல்ட் என்பதால் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள், சீல்டு லெட்-ஆசிட் பேட்டரி ஷார்ட்டானால் ஒயரின் உறை சில வினாடிகளில் உருகும். கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தில் இந்த ஒரு பாகத்தை விட்டுவிடக் கூடாது. பேட்டரிக்குப் பதில் அடாப்டர் என்றால் சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை உள்ளதை வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தை நீங்களாகத் திறந்து எதையும் மாற்ற வேண்டாம்.

மங்கச் செய்யும்போது

ஆர்டுயினோ நானோவின் டி9, டி10 முனைகள் பிடபிள்யூஎம்-ஐ, அதாவது விளக்கை வேகமாக ஏற்றி அணைத்து மங்கச் செய்யும் துடிப்பை, வினாடிக்கு 490 முறை தருகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கைபேசியில் காணொளி எடுத்தால் மங்கலான விளக்கின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும், தைப்பூசத்தில் எல்லார் கையிலும் கைபேசிதான். அந்த முனைகளை இயக்கும் டைமர் 1-இன் பிரிஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) நிரலில் 64-லிருந்து 8 ஆக்கினால் 3,921 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 1 ஆக்கினால் 31,372. கூட்டினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம்.

மோஸ்ஃபெட் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு கணம் பாதி நிலையில் நிற்கிறது. ஐஆர்எல்இசட்44என்-இல் அந்தக் கணத்தைத் தீர்மானிப்பது கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையிலான சார்ஜ், அதிகபட்சம் 25 நானோகூலம். கேட் 3 வோல்ட் அளவில் சிறிது நேரம் நின்றுவிடும். மிஞ்சிய 2 வோல்ட் 220 ஓம் வழியாக 9 மில்லிஆம்ப் தரும். 25 நானோகூலம் நிரம்ப 2.7 மைக்ரோவினாடி. மூடும்போது 3 வோல்ட் 220 ஓம் வழியாக வடிய 1.8 மைக்ரோவினாடி. ஆக ஒரு சுற்றுக்கு 4.5 மைக்ரோவினாடி. இழப்பு: வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கி, பாதியாக்கி, இந்த நேரத்தாலும் ஹெர்ட்ஸாலும் பெருக்குங்கள். 490 ஹெர்ட்ஸில் 0.08 வாட், பொருட்படுத்த வேண்டாம். 3,921-இல் 0.63 வாட், ஹீட்சிங்க் இருந்தால் தாங்கும். 31,372-இல் 5 வாட். திறந்து நிற்கும் நேரத்து 1.4 வாட்டைவிட, திறந்து மூடும் வேலையே மூன்று மடங்குக்கு மேல் சூடாக்குகிறது.

எல்இடி பட்டைக்கு 3,921 ஹெர்ட்ஸே நல்ல இடம். அதற்கு மேல் போகத் தேவையில்லை.

மோட்டார்

மோட்டாருக்கு நிலைமை வேறு. 490 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மோட்டார் கீச்சிடும், 4,000-இல் இன்னும் மோசமாகக் காதைத் துளைக்கும். கேட்காமல் இருக்க 20,000-க்கு மேல் போக வேண்டும், அப்போது 220 ஓம் வழியாக நேரடியாக ஓட்டுவது நடக்காது. கேட்டை வேகமாக நிரப்பி வடிக்கும் கேட் டிரைவர் ஐசி ஒன்று வேண்டும்.

டிசி4427 எளிதாகக் கிடைக்கும் எட்டுக்கால் ஐசி, உள்ளே இரண்டு டிரைவர்கள். 6-ஆம் காலுக்கு 12 வோல்ட், 3-ஆம் காலுக்கு கிரவுண்டு, 2-ஆம் காலுக்கு ஆர்டுயினோ சிக்னல், 7-ஆம் காலிலிருந்து 10 ஓம் வழியாக கேட். பயன்படுத்தாத 4-ஆம் காலைக் கிரவுண்டில் கட்டுங்கள். இந்த ஐசியின் 6, 3 கால்களுக்கு நடுவே, முடிந்தவரை ஒட்டி, 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் 1.5 ஆம்ப் துடிப்பை ஐசியால் தர முடியாது, தானும் சூடாகும். இன்னொரு 10 கிலோ ஓமை ஐசியின் 2-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போடுங்கள்; கேட்டில் இருப்பதும் இருக்கட்டும்.

கேட் இப்போது 12 வோல்ட் பெறுகிறது. ஐஆர்எல்இசட்44என்-இன் கேட் 16 வோல்ட் வரை தாங்கும், சரி. நிரப்பும் மின்னோட்டம் அரை ஆம்ப் அளவுக்கு ஏறுவதால் திறந்து மூடும் நேரம் மொத்தம் 0.2 மைக்ரோவினாடிக்குச் சுருங்குகிறது. அதே 31,372 ஹெர்ட்ஸில் இழப்பு 0.2 வாட் சுற்றுவட்டாரம். இன்னொரு நன்மை: கேட் 12 வோல்ட் பெறும்போது ஐஆர்எஃப்இசட்44என்-உம் 17.5 மில்லிஓமுக்கு முழுமையாகத் திறக்கும். டிரைவர் இருந்தால் கடையில் கிடைக்கும் எந்தச் சாதாரண மோஸ்ஃபெட்டும் போதும்.

சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் டிரெயின் வோல்டேஜ் மேலே பாயும், 55-ஐத் தாண்டும், மோஸ்ஃபெட் உடையும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே டையோடு போடுவது இதற்காகத்தான். வளையமிட்ட முனை 12 வோல்ட் பக்கம். பழக்கத்தில் கை போவது 1என்4007-க்கு. ரிலேவுக்கு அது போதும். பிடபிள்யூஎம்-இல் ஓடும் மோட்டாருக்கு வேண்டாம்: அது கடத்துவதை நிறுத்த நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் மோஸ்ஃபெட் திறந்தால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் டையோடு வழியாகவே ஷார்ட் ஆகும், வினாடிக்கு 31,000 தடவை. டையோடும் மோஸ்ஃபெட்டும் சேர்ந்து சுடும். 3 ஆம்ப் வரையிலான மோட்டாருக்கு 1என்5822, 5 ஆம்ப்புக்கு எஸ்ஆர்560 போன்ற ஷாட்கி டையோடு வாங்குங்கள். டையோடில் மோட்டாரின் முழு மின்னோட்டமும் ஓடும் என்பதால் மோட்டாரின் ஆம்ப்பே டையோடின் ஆம்ப். அதை மோட்டாரில் சால்டர் செய்யாமல் போர்டில், மோஸ்ஃபெட் பக்கத்தில் வையுங்கள்.

பட்டைக்கு இந்த டையோடு வேண்டாம் என்று சொல்வார்கள், விளக்கில் சுருள் இல்லையே என்று. ஒயர் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி. மூன்று மீட்டருக்கு மூன்று. 6 ஆம்ப் ஒரு மைக்ரோவினாடியில் அறுந்தால் 18 வோல்ட் உதைக்கும், 12-உடன் சேர்ந்து 30. ஐஆர்எல்பி8743-இன் எல்லை சரியாக அதுதான். டிரைவர் போட்டு வேகத்தைக் கூட்டினால் 55 வோல்ட் பாகமும் எல்லையைத் தொடும். நீண்ட ஒயர் உள்ள பட்டைக்கு ஒரு 1என்5819 போட்டுவிடுங்கள். பேட்டரி பக்க ஒயருக்கும் இதே தன்மை உண்டு. அதற்கு மருந்து போர்டின் 12 வோல்ட் நுழைவில் 1,000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் லோ-இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டரும் 100 நானோஃபாரட் செராமிக்கும். பேட்டரி சார்ஜரோடு சேர்ந்தே ஓடுமானால் பி6கேஇ18ஏ என்ற, வோல்டேஜ் உதையை அடக்கும் டையோடு ஒன்றையும் குறுக்கே போடலாம், 14.4 வோல்ட்டில் அது தூங்கும், 25 வோல்ட்டுக்குள் உதையை அடக்கும்.

மோட்டாரின் ஆம்ப்பை லேபிளிலிருந்து எடுக்காதீர்கள். லேபிள் சொல்வது சுழலும்போது. தொடங்கும் கணத்திலும், துணி சிக்கி நின்றுபோனாலும், மோட்டார் வெறும் ஒயர்ச் சுருள்தான். மல்டிமீட்டரால் சுருளின் ஓமை அளந்து 12-ஐ அதனால் வகுங்கள். பழைய கார் வைப்பர் மோட்டாரில் 0.8 ஓம் வந்தால் 15 ஆம்ப். சுழலும்போது 3 ஆம்ப்தான் என்றாலும் மோஸ்ஃபெட்டையும் ஹீட்சிங்க்கையும் 15-க்கே கணக்கிடுங்கள்: 15 × 15 × 0.025 × 1.6 = 9 வாட். நிரலில் வேகத்தை அரை வினாடியில் படிப்படியாக ஏற்றினால் தொடக்க உதை தணியும். சிக்கி நிற்பதற்கு ஃபியூஸ்தான் காவல்.

இரண்டு திசையிலும் சுழல வேண்டுமானால் எச்-பிரிட்ஜ் வேண்டும். எல்298 மாடியூல் மலிவு, ஆனால் 2 ஆம்ப்பில் 4.9 வோல்ட் வரை அதுவே விழுங்கக்கூடும். 12 வோல்ட் மோட்டாருக்கு 7 வோல்ட் கொடுத்துவிட்டு மோட்டார் பலவீனம் என்று சொல்வது நியாயமில்லை. மோஸ்ஃபெட்டால் ஆன பிடிஎஸ்7960 மாடியூலை எடுங்கள்.

இஎஸ்பி32 என்றால்

இஎஸ்பி32-இன் முனைகள் 3.3 வோல்ட்தான் தரும். ஐஆர்எல்இசட்44என்-க்கு 4 வோல்ட்டுக்குக் கீழே வரி கிடையாது, எனவே லாஜிக் லெவல் என்ற பெயரை நம்பி நேரடியாக இணைப்பது முதலில் சொன்ன பிழையேதான். மேலே சொன்ன டிசி4427 இங்கும் சரியான விடை: 2.4 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அது உயர்நிலை என்று எடுத்துக்கொள்ளும். ஓரிரண்டு ஆம்ப் சுமை மட்டும் என்றால் ஏஓ3400ஏ போதும், 2.5 வோல்ட்டிலேயே 48 மில்லிஓம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எஸ்ஓடி-23 என்ற பொடிப் பாகம் அது, சூடு போக வழியில்லை, 6 ஆம்ப் பட்டைக்கு நினைக்க வேண்டாம்.

வாங்கியது அசலா

கோலாலம்பூர் புடுவின் ஜாலான் பசார் கடைகளிலோ இணையத்திலோ வாங்கினாலும், எழுத்து அழித்து மறுபடி பொறித்த பாகங்கள் நடுவே கலந்து வரலாம். உள்ளே சிறிய சிலிக்கானை வைத்துப் பெரிய பெயர் எழுதியிருப்பார்கள். வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். மில்லிவோல்ட்டில் கண்டுபிடிக்கலாம்.

கார் சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றை எடுங்கள். 12 வோல்ட்டில் 1.75 ஆம்ப். அதை டிரெயினில் சுமையாக வைத்து, கேட்டுக்கு நிலையான 5 வோல்ட் கொடுங்கள். பல்பு எரியட்டும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, முனைகளை டிரெயின் காலிலும் சோர்ஸ் காலிலும் நேரடியாக அழுத்துங்கள். ஒயரில் வைத்தால் ஒயரின் இழப்பும் சேர்ந்துவிடும். அசல் ஐஆர்எல்இசட்44என் 44 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது (1.75 × 25), பொதுவாக அதற்கும் கீழே. 150, 300 என்று காட்டினால் அந்தப் பாகத்தைத் தனியே வையுங்கள். வாங்கிய பையில் இரண்டு மூன்றையாவது இப்படிச் சோதித்த பிறகே சால்டர் இரும்பைச் சூடாக்குங்கள். உங்களிடம் உள்ள எந்த மோஸ்ஃபெட் 5 வோல்ட்டுக்கு ஏற்றது என்று தெரியாதபோதும் இதே சோதனைதான்.

முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும்போது

பட்டையை நேரடியாக இணைக்காமல், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அதே 21 வாட் பல்பைத் தொடராகப் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறொன்றும் சேதமாகாது. நிரலில் விளக்கை அணைத்தபோது பல்பும் பட்டையும் முழுக்க இருட்டாக வேண்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே அளந்தால் அணைந்த நிலையில் பூஜ்யம், எரியும் நிலையில் 5 (டிரைவர் இருந்தால் 12). 2, 3 என்று வந்தால் நிரலில் அந்த முனையை அவுட்புட் ஆக்க மறந்திருப்பீர்கள், அல்லது பிடபிள்யூஎம்-இன் சராசரியை மீட்டர் காட்டுகிறது. முழு வெளிச்சத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

பிறகு ஃபியூஸைப் போட்டு முழுச் சுமையோடு பத்து நிமிடம் ஓட விடுங்கள், பெட்டியை மூடியே. திறந்த பெட்டியில் எடுத்த சூட்டளவு பந்தலில் உதவாது. அணைத்துவிட்டு ஹீட்சிங்க்கில் விரலை வையுங்கள். சில வினாடி வைத்திருக்க முடிந்தால் 55 டிகிரிக்குப் பக்கம், நல்லது.

அணையவே மாட்டேன் என்கிற மோஸ்ஃபெட்டைக் கழற்றி, மூன்று கால்களையும் விரலால் ஒன்றாகத் தொட்டு வடியவிட்டு, மல்டிமீட்டரின் டையோடு நிலையில் பாருங்கள். சிவப்பு முனை சோர்ஸிலும் கறுப்பு டிரெயினிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். அது உள்ளே இருக்கும் டையோடு. மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது. கேட்டிலிருந்து எந்தக் காலுக்கும் எதுவும் காட்டக் கூடாது. டிரெயினும் சோர்ஸும் இருபுறமும் பூஜ்யம் காட்டினால் சூட்டிலோ வோல்டேஜ் உதையிலோ போயிருக்கிறது. கேட்டும் சோர்ஸும் பூஜ்யம் காட்டினால் கேட் துளைத்திருக்கிறது. அப்போது டிரெயினின் 12 வோல்ட் ஆர்டுயினோ முனை வரை வந்திருக்க வாய்ப்புண்டு, அந்த முனையையும் ஒரு எல்இடி வைத்துச் சோதித்த பிறகே புதிய மோஸ்ஃபெட்டை மாட்டுங்கள்.